கண்மாய்க் கரையில் ஓர் இரவு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசம் கழிந்த சனிக்கிழமை, நானும் என் கணவரும் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயை ஒட்டிய தோப்பில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினோம். கல்யாணமாகி நான்கு வருடம். காரைக்குடியில் மாமனார், மாமியார், அப்பத்தா எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கூடாரம் என்பதை நாங்கள் இரண்டு பேருமே அதற்கு முன்னால் கையால் தொட்டதில்லை. திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் என்னோடு வேலை பார்க்கும் பெண்களும் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

கொடைக்கானல், மூணாறு என்று போகாமல் ஏன் கண்மாய்?

காரில் ஒரு மணி நேரம் போனால் நீர் நிறைந்த ஏரி, அதில் ஆயிரக்கணக்கில் பறவை, சுற்றிலும் பனங்காடு. இவ்வளவும் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் தடவையிலேயே மலை, குளிர், யானை நடமாட்டம் என்று மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் நினைத்தோம். ஏதாவது சரியில்லை என்றால் ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிற தைரியம் முதல் முறை போகிறவர்களுக்கு மிகவும் தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் பிறந்தது ஒரு கண்மாய்க் கரை ஊரில். பகலில் எத்தனையோ தடவை அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். பொழுது சாய்ந்தபின் அங்கே என்ன நடக்கும் என்று பார்த்ததே இல்லை. பெண் பிள்ளையை யார் விடுவார்கள்?

எந்தக் கண்மாய்? இடத்தைச் சொல்ல முடியுமா?

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தோப்புக்காரர் எங்களைத் தெரிந்தவர் என்பதால் எங்களுக்கு அனுமதி கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்ததாக அர்த்தமில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. உங்கள் சொந்த ஊரிலேயே ஒன்று இருக்கும். அங்கே உங்களைத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கண்மாய் பொது இடம்தானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். பொது இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கண்மாய் அப்படி இல்லை.

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதைவிடச் சின்னது என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அது அரசாங்கக் கணக்கு. ஊர்க் கணக்கு வேறு. மடையைத் திறக்க ஒருவர் இருப்பார், மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் இருப்பார், உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில், ஆடு மாடு மேய்ப்பவர்கள் இருப்பார்கள், கரையில் ஒரு காவல் தெய்வமும் இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் உரிமை உண்டு.

அதிலும் மீன் குத்தகைக்காரரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் மீன் திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் காவல் போடுவார்கள். நடுராத்திரியில் தண்ணீர் ஓரம் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிற புது ஆளை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? நாங்கள் முன்தினமே போய்ப் பேசினோம். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. "வீடு இருக்கயில இங்க எதுக்குத்தா படுக்கணும்?" என்று என்னைத்தான் கேட்டார். பறவை பார்க்க என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, வடக்க போகாதிய, அங்க சேறு. மடைப் பக்கம் வெளக்கு அடிக்காதிய, எங்க பயலுக ஓடி வந்துருவானுக" என்றார். ராத்திரி பத்து மணிக்கு அவரே ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அதுதான்.

கோயில் பக்கமாகக் கூடாரம் போடுவதாக இருந்தால் பூசாரியிடமும் கேளுங்கள். ஊருணிக் கரையில் போடவே போடாதீர்கள். ஊருணி குடிதண்ணீருக்கானது. அதில் கால் நனைப்பதைக்கூடப் பல ஊர்களில் இன்றும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்திலேயே கூடாரம் போடலாமா?

கூடாது. அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள சரணாலயம். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே தங்க முடியாது. தீ மூட்டுவதும் குப்பை போடுவதும் குற்றம். நாங்கள் தோப்பில் தூங்கிவிட்டு, விடிகாலையில் கிளம்பி அங்கே போனோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி கண்மாய்களைச் சேர்த்து 1977இல் சரணாலயம் ஆக்கினார்கள். மொத்தமே 38.4 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து எடுப்பதற்கு அந்த அமைப்பு உதவுகிறது. பைனாகுலர் இல்லாமலே அது எங்களுக்குத் தெரிந்தது.

அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட விஷயம்தான். ஆனால் அந்தக் காலை வெளிச்சத்தில், குஞ்சுகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் மத்தாப்பு, சரவெடி ஆசை இருக்கும்தானே? வருடா வருடம் அதை விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் அங்கே போய் நின்று கத்திப் பேசாமலாவது இருக்கலாம்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைகிறது. தையில் மழை ஓய்ந்து, தண்ணீர் நிறைய இருக்கும். பறவைகளும் இருக்கும். வெயிலும் கடுமை இல்லை. பங்குனிக்குமேல் நம் பக்கத்து வெக்கையில் கூடாரத்துக்குள் காலை எட்டு மணிக்குமேல் இருக்க முடியாது. வைகாசி வாக்கில் பல கண்மாய்கள் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கும் நாள் அது. போய்ப் பாருங்கள், ஆனால் தங்குவதற்கான நேரமில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் சாலைகளில் இருட்டிலும் நடப்பார்கள். அந்த வாரங்களில் போனால் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

கூடாரத்தை எங்கே போடுவது?

எங்கே போடக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். கண்மாய் உள்வாயில் போடக்கூடாது. காய்ந்த தரைபோலத்தான் தெரியும், மேலே எங்கோ மழை பெய்து வரத்துக்காலில் தண்ணீர் வந்தால் இரவோடு இரவாக ஏறிவிடும். கரையின் மேலும் வேண்டாம். கரை என்பது மண்ணால் போட்டது, ஊரைக் காப்பது. அதில் முளை அடிக்கவும் குழி தோண்டவும் நமக்கு உரிமை இல்லை. எலி வளையும் பாம்பும் அதிகம் இருப்பதும் கரையில்தான். பனை மரத்தடியும் தென்னை மரத்தடியும் ஆகாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும்.

கரைக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் மேடான, திறந்த இடமாகப் பாருங்கள். தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ராத்திரியில் தண்ணீர் குடிக்க வருகிற உயிர்களுக்கு வழி வேண்டும்.

அப்புறம் முள். சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும், கூடாரத்தின் அடித்துணி எம்மாத்திரம்? நாங்கள் ஒரு விளக்குமாற்றால் அரை மணி நேரம் கூட்டினோம். பிறகு வெறுங்கையால் தரை முழுக்கத் தடவிப் பார்த்தோம். அப்படியும் இரண்டு முள் கிடைத்தது. அதற்குமேல் ஒரு தார்ப்பாய், அதன்மேல் கூடாரம்.

கூடாரத்தோடு வருகிற அலுமினிய முளைகள் எங்கள் செம்புறாங்கல் பூமியில் இறங்கவே இல்லை, மூன்று வளைந்துவிட்டன. கடைசியில் வண்டியில் கிடந்த ஆறு அங்குல இரும்பு ஆணிகளைச் சுத்தியலால் அடித்தோம். ஆணியும் இறங்காத மூலையில் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டினோம். செட்டிநாட்டில் கூடாரம் போடுகிறவர்கள் சுத்தியலையும் இரும்பு ஆணியையும் மறக்கக்கூடாது.

என்ன மாதிரி கூடாரம் வாங்கலாம்?

முதல் தடவை வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். நாங்கள் என் தம்பியின் நண்பரிடம் வாங்கினோம். இரண்டு பேருக்கு "மூன்று பேர் கூடாரம்" என்று விற்கிற அளவு சரியாக இருக்கும். உள்ளே கொசுவலைத் துணி, மேலே தனியாக மழைத்துணி என்று இரண்டு அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மாடியில் ஒரு தடவை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

மழை இல்லையே, நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்கலாம் என்று நாங்கள் மேல்துணியைப் போடாமல் விட்டோம். அது தப்பு. தை மாதப் பனி எவ்வளவு என்று வீட்டுக்குள் படுத்தவளுக்கு எப்படித் தெரியும்? நாலு மணிக்குப் போர்வை, தலையணை, என் தலைமுடி எல்லாம் நனைந்திருந்தது. மேல்துணியைப் போட்டாலும் இரண்டு பக்கமும் காற்று போக வழி விடுங்கள். இல்லையென்றால் நம் மூச்சின் ஈரமே உள்ளே துளித்துளியாகப் படியும்.

படுக்க என்ன கொண்டு போனீர்கள்?

கோரைப்பாய், ஜமக்காளம், இரண்டு கம்பளி. போதும்.

பாம்பு?

இதைக் கேட்காதவர்களே இல்லை. பயப்பட வேண்டிய விஷயம்தான், அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. இவற்றில் கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த வலியே சில சமயம் தெரியாது. ஆகவே வெறும் பாயை விரித்து வெட்டவெளியில் படுப்பதைவிட, ஜிப் போட்ட கூடாரம் எவ்வளவோ பாதுகாப்பு. நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். உள்ளே போனதும் ஜிப், வெளியே வந்ததும் ஜிப், ஒரு நிமிடம்கூடத் திறந்து கிடக்கக்கூடாது. செருப்பையும் உள்ளேயே ஒரு பையில் வைத்தோம். டார்ச் இல்லாமல் இரண்டடிகூட நடக்கவில்லை. சோற்றுப் பருக்கை சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சாப்பிட்ட இடத்தை உடனே சுத்தம் செய்தோம்.

ஒருவேளை கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள், அல்லது காரில் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு. கடித்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்து, வயிற்று வலியோ கண் இமை கனப்பதோ வந்தாலும் போய்விட வேண்டும். கிளம்பும் முன்பே பக்கத்து மருத்துவமனைக்கு வழி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரை வெளியே போகிற திசையில் திருப்பி நிறுத்துங்கள்.

எங்கள் கண்ணில் ஒரு பாம்பும் படவில்லை. எங்களுக்குத் தொந்தரவு கொடுத்தவை கொசுவும் இரண்டு தெருநாயும்தான். பொழுது சாய்கிற ஒரு மணி நேரம் கொசு மிகக் கடுமை. முழுக்கைச் சட்டை, ஓடோமாஸ் இரண்டும் வேண்டும்.

கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்?

பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது இதைத்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் 60 மீட்டருக்குமேல் தள்ளி ஒரு சாண் ஆழக் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடிவிட வேண்டும். ஒரு களைக்கொத்து போதும். பகல் வெளிச்சத்திலேயே இடம் பார்த்து, குழியையும் தோண்டி வைத்துவிடுங்கள். நான் ஒரு பழைய சேலையை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி மறைப்பு வைத்தேன். அது இருந்ததால்தான் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடிந்தது. போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பழக்கம் நம் பெண்களிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மாதவிலக்கு நாட்களிலும் போகலாம். நாப்கினைப் புதைக்காதீர்கள், எரிக்காதீர்கள். காகிதத்தில் சுற்றி ஒரு மூடிபோட்ட டப்பாவில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். ராத்திரி நான் எழுந்த இரண்டு தடவையும் என் கணவர் டார்ச்சோடு துணைக்கு வந்து, திரும்பி நின்றுகொண்டார்.

சாப்பாடு?

கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாமியார் கொடுத்துவிட்ட சீடை, தேன்குழல். அங்கே சமைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சின்ன கேஸ் அடுப்பில் டீ மட்டும் போட்டோம். குடிக்கவும் கழுவவும் சேர்த்து இரண்டு பத்து லிட்டர் கேன் கொண்டு போனோம், ஒன்றரை கேன் காலியானது.

விறகுத் தீ மூட்டவில்லை. காய்ந்த பனையோலைக்கு ஒரு பொறி போதும். தோப்புக்காரர் அனுமதித்திருந்தாலும் மூட்டியிருக்க மாட்டோம். அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கண்மாயில் குளிக்கலாமா?

நாங்கள் குளிக்கவில்லை. வண்டல் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் திடீரென்று ஆழமாக இருக்கும், மேலே இருந்து தெரியாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறை இருந்தால், அவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

இடி மழை வந்தால்?

காருக்குள் போய்விடுங்கள். கரை மேலும் ஒற்றை மரத்தடியிலும் நிற்காதீர்கள். கூடாரம் இடியிலிருந்து காப்பாற்றாது.

ராத்திரி எப்படி இருந்தது? பயமாக இல்லையா?

இருந்தது. ஆறரை மணிக்கு இருட்டியதும் ஏன் வந்தோம் என்றே நினைத்தேன். ஏழு மணி வாக்கில் தவளைச் சத்தம் கூடியது. பூசம் முடிந்து மூன்றாம் நாள் என்பதால் நிலா எழ எட்டு மணிக்கு மேல் ஆனது. அதுவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்த்திகை மீன்கள் ஒரு கொத்தாக உச்சியில், அதற்குக் கிழக்கே திருவாதிரை சிவப்பாக. அப்பத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த அடையாளங்கள் அவை. காரைக்குடி மாடியில் நின்று அவர் கை காட்டியபோதெல்லாம் எனக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை.

ஒரு மணி இருக்கும். கூடாரத்துக்கு மிக அருகில் ஏதோ ஒன்று விடாமல் கத்திக்கொண்டே பறந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கணவர் கையைப் பிடித்து, "ஆள்காட்டிம்மா. யாரோ நடக்கிறாங்க போல, இல்ல நாய் போகுது" என்றார். ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிடுகிற பறவை. யார் அந்தப் பக்கம் நடந்தாலும் கத்தும். அப்புறம் எனக்கு அது காவல் இருப்பது மாதிரியே தோன்றியது. அது கத்தாமல் இருந்தால் யாரும் இல்லை என்று நம்பித் தூங்கினேன்.

நாலு மணிக்கு நனைந்து எழுந்தோம் என்று சொன்னேனல்லவா, அதற்குப்பின் தூங்கவில்லை. ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காரில் உட்கார்ந்து டீ குடித்தோம். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று ஒரு மணி நேரம் கிடைப்பது அரிது. எந்தத் தொலைபேசியும் அடிக்காமல், யாரும் கூப்பிடாமல், பேசியும் பேசாமலும் விடியும் வரை இருந்தோம். கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததில்லை.

சண்டை வந்ததா?

வந்தது. தாமதமாகக் கிளம்பியதால் இருட்டுகிற நேரத்தில்தான் கூடாரத்தைப் பிரித்தோம். எந்தக் கம்பி எந்தத் துளையில் என்று தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம். நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பாதிச் சண்டை தவிர்ந்துவிடும்.

வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

மாமியாருக்கு இஷ்டமே இல்லை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாதான் பேசினார். கல்யாணத்துக்கு முன் அவர் ஊரில் நெல்லடித்தால் வீடு வந்து சேரும் வரை களத்திலேயே படுப்பார்களாம், பெண்களும்தான். "பனி விழும், தலைக்கு முக்காடு போட்டுக்க ஆத்தா" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

திரும்பி வந்து கூடாரத்தை என்ன செய்ய வேண்டும்?

நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து, நாறி, துணி கெட்டுவிடும். இரவல் வாங்கிய பொருள் வேறு. நாங்கள் மொட்டை மாடியில் விரித்துப் போட்டு, அடித்துணியைத் திருப்பி, மண்ணைத் தட்டி, தையல் ஓரங்களைத் தனியாகத் துடைத்தோம். மதியம் வற்றல் எடுக்க மாடிக்கு வந்த மாமியார், குனிந்து உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஜிப்பை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "அப்பத்தாவுக்கு இதுல ஏறி எறங்க முடியாதே, கட்டில் போடற மாதிரி பெருசு கெடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.